ஓட்டில் ஒட்டியிருந்த புளி

அந்தக் காலத்தில், மரங்களுக்கும் வாய் இருந்த காலத்தில், புளியம்பழம் இப்போது இருப்பதுபோல் இல்லை. பழுத்தாலும் சரி, காய்ந்தாலும் சரி, ஓடு பழத்தை விடாது. தோலும் சதையுமாக ஒட்டிக்கொண்டே இருக்கும். கல்லை வைத்து நசுக்கினால் ஓட்டுத்தூளும் பழமும் ஒன்றாகக் கூழாகும். வாயில் போட்டால் மணலைத் தின்றதுபோல் நறநறக்கும். அதனால் புளியை யாரும் குழம்பில் சேர்த்ததில்லை. மரம் ஊருக்கு நிழல் தந்தது, அதோடு சரி.

கடற்கரையிலிருந்து மேற்கே மலைநாட்டுக்குப் போகும் உப்பு வண்டித் தடத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. அதில் கடைசி வீடு சடைச்சியுடையது. கிணறு வெட்டப்போன புருஷன் மண் சரிந்து செத்துப்போனான். அவளுக்கு மிஞ்சியது நாச்சி என்ற ஒரே மகள். அந்தப் பிள்ளையை ஓடியாடுகிற வயது வந்த பிறகும் அவள் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஊர்ப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

"ஏட்டி சடைச்சி, உம் மவளுக்குக் காலு மொளச்சாச்சான்னு என்னிக்காவது கீழ எறக்கிப் பாத்தியா?"

சடைச்சி சிரித்துக்கொண்டே பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வாள். அவள் மனசு புரிந்தது வீட்டுக்குப் பின்னால் நின்ற புளியமரத்துக்கு மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. பழத்தைக் கீழே விடாத மரம், பிள்ளையைக் கீழே விடாத தாய். வேலை ஓய்ந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"பெத்தத எதுக்கு விடணும் யக்கா?" என்பாள் சடைச்சி.

"அதானே. விட்டா அது நம்மது இல்ல" என்று மரம் சொல்லும்.

அப்புறம் மழை ஏமாற்றியது. ஒரு வருஷம் பொறுத்தார்கள். மறு வருஷமும் வானம் வெளுத்தே கிடந்தது. கிணறு வற்றி, மாடு கன்று செத்து, கடைசியில் விதைக்கு வைத்திருந்த தானியமும் உலைக்குப் போனது.

பஞ்சத்துக்கென்று அந்தத் தடத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளை உப்பு வண்டியில் ஏற்றி மலைநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கிழங்கும் தினையும் இருக்கும். மழை பெய்து ஊர் பச்சை பிடித்ததும் அதே வண்டிகளில் பிள்ளைகள் திரும்பி வரும். கூட்டிப்போகிற உமணர்கள், அதாவது உப்பு விற்கிறவர்கள், வெறும் வாய்ப்பேச்சோடு விடுவதில்லை. ஒவ்வொரு தாயின் மடியிலும் ஒரு கைப்பிடி உப்பைப் போடுவார்கள். அதற்குப் பிணை உப்பு என்று பெயர். தாய் அதைக் கலயத்தில் இட்டு, ஈரம் படாமல் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காப்பாள். உப்பு கசியாமல் இருக்கிறவரை பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று நம்பினார்கள். பிள்ளை திரும்பி வந்ததும் உப்பை உமணர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உலை கொதித்து உப்பில்லாமல் தவித்தாலும் அந்தக் கலயத்தை யாரும் தொடமாட்டார்கள்.

வண்டிகள் வந்து நின்றன. பிள்ளைகளைக் கேட்டு வீடு வீடாக வந்தவள் உலகி என்ற உமணத்தி. வெயிலில் கறுத்து, உப்பில் வெடித்த கை அவளுக்கு. சடைச்சியின் மடியில் அவள் உப்பைப் போட்டாள்.

"பயப்படாத தாயி. எம் பிள்ளைகளுக்கு ஊத்துற கஞ்சியிலதான் உம் பிள்ளைக்கும் ஊத்துவேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கெளம்பிருவோம். தலை சீவி விட்டு வையி."

சடைச்சி தலையை ஆட்டினாள். நாச்சிக்குத் தலை சீவப் போனாள். சீப்பு வைக்கும்போது பிள்ளையின் கழுத்து கைக்குள் அடங்கியது. அவ்வளவு மெலிந்திருந்தது. அங்கேதான் அவளுக்குப் புத்தி தடுமாறியது. இந்தப் பிள்ளையை எவளோ ஒருத்தி குளிப்பாட்டுவாளா, எவளோ ஒருத்தி பக்கத்தில் படுக்க வைப்பாளா என்று நினைத்ததும் சீப்பைக் கீழே போட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள்.

"யக்கா, என்னால முடியல. இவள எங்கயாவது ஒளிச்சு வையி."

மரம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் அடிமரத்துப் பொந்தைக் காட்டியது. நாச்சியை உள்ளே உட்கார வைத்து, சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு, சடைச்சி வாசலுக்கு வந்தாள்.

உலகி வந்து பிள்ளையைக் கேட்டாள். விளையாடப் போனவளைக் காணவில்லை என்றாள் சடைச்சி. அவள் முகத்தைப் பார்த்ததுமே உலகிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் புளியமரத்திடம் போய்க் கேட்டாள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மரம் சொல்லாது என்று அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள்.

"நீ சொல்லு. பிள்ள இங்க இருக்கா?"

"இங்க யாரும் இல்ல" என்றது மரம்.

மரத்தின் வாயில் வந்த முதல் பொய் அது.

சடைச்சி உப்பைத் திருப்பி நீட்டினாள். உலகி வாங்கவில்லை. "பிள்ள திரும்பாம பிணையத் திரும்ப வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல, தாயி. வச்சுக்க. மனசு மாறிச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டு ஓடியா. அடுத்த ஊரு ஆலமரத்தடியிலதான் மாட்டை அவுத்துக் கெடப்போம்."

வண்டிகள் நகர்ந்தன. ஊர்ப் பிள்ளைகள் அழுதுகொண்டே போனார்கள், தாய்மார்கள் தடத்தில் விழுந்து புரண்டு அழுதார்கள். சடைச்சி மட்டும் அழவில்லை. பொந்திலிருந்து மகளை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த ஊரிலேயே சந்தோஷமாக இருந்தவள் அவள் ஒருத்திதான், பாவி.

ஆலமரத்தடிக்கு அவள் போகவில்லை.

"யம்மா, வண்டியில போனவங்களுக்குக் கஞ்சி கெடைக்குமா?" என்று கேட்டாள் நாச்சி.

"கெடைக்கும்."

"நான் ஏன் போவல?"

சடைச்சி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனாள். கள்ளி வேரும் காட்டுக் கீரையும் பறித்து அவித்துக் கொடுத்தாள். பிறகு அதுவும் கிடைக்கவில்லை. நாச்சிக்கு எழுந்து நிற்கக்கூட முடியாமல் போயிற்று. இப்போதாவது இறக்கிவிடலாம் என்றால், இறங்கி நடக்கப் பிள்ளைக்குக் காலில் பலம் இல்லை. ஒருநாள் அவள் மேலே கையைக் காட்டிப் புளியம்பழம் கேட்டாள்.

"யக்கா, நாலு பழம் குடு. ஓட்ட மட்டும் விட்டுக் குடு" என்று கெஞ்சினாள் சடைச்சி.

மரமும் முயன்று பார்த்தது. "வரலியே சடைச்சி. விட்டுப் பழக்கமில்லையே" என்றது.

ஓட்டோடு பறித்து, கல்லில் நசுக்கி, ஓட்டுத்தூளைப் பொறுக்கிப் பொறுக்கி ஊட்டினாள். நாச்சி நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அன்றைக்குப் பொழுது சாயும்போது, தாயின் மடியிலேயே, அவள் மூச்சு நின்றது.

சடைச்சி விடவில்லை. ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் வந்து கையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிள்ளை தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள் என்றாள். அதட்டினார்கள், அழுதார்கள், காலில் விழுந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஈ மொய்க்கத் தொடங்கிய பிறகும் முந்தானையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் தள்ளிப் போய் நின்றார்கள்.

அப்போது மரம் பேசியது.

"சடைச்சி, விட்ரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "விடாதன்னு சொன்னவ நீதான? நீ விடுவியா?"

காற்று இல்லை. இருந்தும் கிளைகளெல்லாம் நடுங்கின. மேலே எங்கோ ஒரு பழம் படீரென்று வெடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு மரம் முழுக்க, சுள்ளி முறிகிற சத்தம். கொப்புக் கொப்பாக, ஓடு பழத்தைவிட்டுப் பிரிந்து, பழங்கள் கீழே உதிர்ந்தன. தோலை உரித்துக்கொள்வதுபோல வலித்திருக்க வேண்டும். மரம் முனகியது ஊர் முழுக்கக் கேட்டது. பழத்தைச் சுற்றியிருந்த நாரை மட்டும் அதனால் அறுக்க முடியவில்லை.

"நான் விட்டுட்டேன்" என்றது மரம். "நீயும் விடு."

சடைச்சியின் கைகள் தளர்ந்தன. நாச்சியை வாங்கிக்கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

மரம் பேசியது அதுதான் கடைசி. பொய் சொன்ன வாயை அது மறுபடி திறக்கவில்லை. அதைப் பார்த்து மற்ற மரங்களும் வாயை மூடிக்கொண்டன.

ஐப்பசியில் மழை கொட்டியது. காடு பச்சை பிடித்ததும் வண்டிகள் திரும்பி வந்தன. போனபோது அழுத பிள்ளைகள் உயரமாக வளர்ந்து, கன்னத்தில் சதை பிடித்து, வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார்கள். ஒரு பிள்ளை குறையவில்லை. தாய்மார்கள் கலயங்களை இறக்கி உப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். உலகி கடைசி வீட்டுக்கு வந்தாள். வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

சடைச்சி தன் கலயத்தைக் கொண்டுவந்தாள். உலகி அதற்குள் கையைவிட்டுப் பார்த்தாள். இத்தனை மழைக்கும் உப்பு காய்ந்து கலகலவென்றிருந்தது.

"கொஞ்சங்கூடக் கசியலியே, தாயி" என்றாள் உலகி. "பிள்ள வண்டியில ஏறியிருந்தா..."

சடைச்சி அப்போதுதான் அழுதாள். பிள்ளை செத்தபோது வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. உலகி அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த உப்ப நான் என்ன செய்ய, மதினி? திருப்பிக் குடுக்கவும் முடியாது. வச்சிருக்கவும் எனக்கு மனசு தாங்கல" என்றாள் சடைச்சி.

உலகி அவள் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தாள். அவள் போன பிறகு சடைச்சி உள்ளே போனாள். மரம் அன்றைக்கு உதிர்த்த பழத்தையெல்லாம் அவள் சுளகில் அள்ளி வைத்திருந்தாள். மழைக்கால ஈரத்தில் அது கசிந்து, ஓரத்தில் புழு வைக்கத் தொடங்கியிருந்தது. புழுவைப் பொறுக்கி எறிந்தாள். பிணை உப்பு முழுவதையும் அதன் மேல் கொட்டிப் பிசைந்தாள். "எம் பிள்ளையத்தான் ஒன்னக் காக்க விடல. இதையாவது காத்து வையி" என்று உப்பிடம் சொல்லி, பானையில் அடைத்து மூடினாள்.

அடுத்த கோடை வந்தபோது பானையைத் திறந்தாள். புளி கறுத்திருந்தது, ஆனால் கெடவில்லை. அதைக் கரைத்துக் குழம்பு வைத்து, திரும்பி வந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து ஊற்றினாள். அவர்கள் இன்னும் இன்னும் என்று கேட்டுச் சாப்பிட்டார்கள். சடைச்சி பரிமாறிக்கொண்டே இருந்தாள், அவள் சாப்பிடவில்லை.

அன்று முதல்தான் புளி பழுத்ததும் ஓடு தானாக விலகிக்கொள்கிறது. அன்று முதல்தான் வீடுகளில் புளியை உப்புப் போட்டுப் பிசைந்து பானையில் அடைக்கிறார்கள். புளியம்பழத்தை உடைத்துப் பாருங்கள், ஓடு விட்டிருக்கும். நார் மட்டும் இன்றைக்கும் பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.