ஏரிக்கரைக்குப் போன கோபுரம்

தியாகேசன் மூச்சிரைக்க மொட்டைமாடிக்கு ஏறி வந்தபோது குரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தார்.

ஆள் தெரியவில்லை. கறுப்புத் தொட்டியின் வாய்க்குள்ளிருந்து சரக் சரக்கென்று தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா," என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்க," என்றது தொட்டி.

பாரிஜாத நகரில் எல்லோரும் குருவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசித் தெருவில், இந்த மொட்டைமாடிக்குக் கீழே, ஒரு தியான மண்டபம் வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தியாகேசனோ பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வயதில் அவர்தான் பெரியவர். ஆனால் கேள்விகளெல்லாம் அவரிடம் இருந்தன. அதனால் அவர் சீடர்.

"ஒரு கேள்விம்மா."

"அந்த வாளியை இப்படிக் குடுத்துட்டுக் கேளுங்க."

கொடுத்துவிட்டுச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் ஓசூரில் மகனோடு போய்த் தங்கிவிட்டார். போனவர் மொட்டைமாடியைச் செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். இரும்பெல்லாம் வந்து இறங்கிவிட்டது. தியாகேசனின் மகள் மங்கைக்கு இப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவள் படுக்கப்போகிற அறையின் ஜன்னலைத் திறந்தால் நேராக அந்த மாடிதான். கோபுரத்திலிருந்து வருகிற அலை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று தெருவே பேசுகிறது. இது போகிறவரை நீ இங்கே காலெடுத்து வைக்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு மகளை வர வேண்டாம் என்று சொன்ன அப்பன், ஜில்லாவிலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்றார்.

"அது நெஜமாவே கெடுதலாம்மா?"

தேய்க்கிற சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தொட்டி கழுவத் தெரியும். உங்களுக்குப் பயமா இருக்கா?"

"தூக்கமே வரல."

"அப்ப போராடுங்க."

இதை எதிர்பார்த்து அவர் வரவில்லை. பொறுமையாக இருங்கள், எல்லாம் நல்லதுக்கே என்று ஏதாவது சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் போய் உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். படியில் இறங்கும்போது முழங்கால் வலி தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெரு பழைய தெருவாக இல்லை.

வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். சாமியானா வந்தது. பெண்கள் முறை வைத்து மோர் கரைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கோஷத்துக்கு எதுகை பிடித்துக் கொடுத்தார்கள். தியாகேசன் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். ஆயுளெல்லாம் பழகிய குரல் தானாக வந்தது.

"பாரிஜாத நகர் பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு."

"எந்த பிளாட்பாரம் சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க நேரம் பிடித்தது.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில்தான் சறுக்கினார்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் படிக்க முடிய வேண்டும் என்று கடையில் தியாகேசன்தான் கண்டித்துச் சொல்லியிருந்தார். கடைக்காரர் பெரிதாக்கினார். இடம் போதவில்லை. ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார். இருட்டுகிற நேரத்தில் கட்டியதால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. விடிந்ததும் அடுத்த தெருக்காரர்கள் படித்தார்கள்.

எங்கள் பகுதியில் கோபுரம் வேண்டாம்.

அடுத்த தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு ராஜகோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரம் கட்டி, பொம்மைகளுக்குச் சுதை பூசிக்கொண்டிருந்தார்கள். திருப்பணிக் குழுத் தலைவர் வைரவசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருபது முப்பது பேரோடு வந்து நின்றார்.

"பிள்ளையாருக்குக் கோபுரம் வேணாம்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் யாருய்யா இங்க?"

தியாகேசன் அப்போதுதான் நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் படித்தார். பிறகு வீட்டுக்குள் ஓடிப்போய், வாசலில் கோலக்கோடு போட வைத்திருந்த சிவப்பு பெயின்ட்டை எடுத்து வந்து, நாற்காலி மேல் ஏறி நின்று, 'கோபுரம்' என்பதன் தலைமேல் 'செல்போன்' என்று எழுதினார். நாற்காலியை வைரவசுந்தரமே பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். வைரவசுந்தரம் சிரித்துச் சிரித்துப் புரையேறி, மோர் வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் வரும் என்று சும்மா கேட்டு வைத்தார். தியாகேசன் சொன்னார்.

வைரவசுந்தரத்தின் முகம் மாறியது.

"நம்ம கலசத்தைவிட உசரமா?"

அன்று மத்தியானமே கோயில் கூட்டம் மேளத்தோடு வந்து சாமியானாவுக்குள் உட்கார்ந்துவிட்டது.

இரும்பு ஏற்றிக்கொண்டு அடுத்த லாரி வந்தபோது பெண்கள் அதன் முன்னால் அமர்ந்தார்கள். தவில் அடிக்கிறவர் கல்யாணத்தில்கூட அப்படி அடித்ததில்லை. போலீஸ் வந்தது. அவர்களுக்கும் மோர் கொடுத்தார்கள். கடைசியில் தாசில்தார் வந்தார். இருபக்கமும் பேசிப் பார்த்தார். கம்பெனிக்காரர்கள் மனம் தளர்ந்திருந்தது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தாசில்தார் தியாகேசன் பக்கம் திரும்பினார்.

"சரி, இங்க வேணாம். வேற எடம் நீங்களே சொல்லுங்க."

மேளம் நின்றது. அத்தனை கண்ணும் தியாகேசன் மேல் இருந்தது. ஒலிபெருக்கி கையிலேயே இருந்தது.

"ஏரிக்கரைல ஆளில்லாத எடம் நெறைய கெடக்கு சார்."

கைதட்டல் காதை அடைத்தது. புறம்போக்கு நிலமா என்று தாசில்தார் உதவியாளரிடம் விசாரித்தார், தலையசைத்தார். லாரி பின்னால் நகர்ந்தது. யாரோ தியாகேசனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து அவர் மகளுக்குப் போன் போட்டார். சத்தத்தில் அவள் சொன்னது காதில் விழவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றும் தெரியவில்லை.

மறுநாள் கோயில் மடப்பள்ளியில் லட்டு பிடித்தார்கள். தெருவுக்கெல்லாம் கொடுத்தும் ஒரு அண்டா மிச்சம் இருந்தது. தியாகேசன் அதை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

குரு வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். தியாகேசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஃப்ளெக்ஸ் கதைக்குக் குரு வாய்விட்டுச் சிரித்தார். லாரி பின்னால் போன கதைக்கு நன்றாகத் தலையாட்டினார். ஒரு லட்டை எடுத்துத் தின்றார்.

"முந்திரி தாராளமா போட்டிருக்காங்க. எங்க போகுது அது?"

"எதும்மா?"

"கோபுரம்."

"ஏரிக்கரைக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்லம்மா. கொஞ்சம் வீடு இருக்கு."

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"மிச்ச லட்டை அங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று தியாகேசன் முகத்தைப் பார்த்தார். முகத்தில் அப்படி எதுவும் இல்லை. எதற்கு லட்டு என்று கேட்டால் என்ன சொல்வது என்றார்.

"எதுக்கோ அதைச் சொல்லுங்க."

ஏரிக்கரையில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தியதும் முதலில் ஓடி வந்தது பஞ்சவர்ணம். தினமும் காலையில் அவர் வீட்டு வாசலைக் கடந்து தெருவைப் பெருக்கிக்கொண்டு போகிறவள். இடுப்பில் பேரக்குழந்தை இருந்தது.

"நீ இங்கயா இருக்கே?"

"பொறந்ததுலேர்ந்து இங்கதான் சார்."

அவள் குரல் கேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் நினைத்திருந்ததைவிட அதிகம் பேர். அவர் யாரென்று பஞ்சவர்ணம் சொன்னதுதான் தாமதம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இந்த இடத்தில் போனில் ஒரு பேச்சு முழுசாகக் கேட்டதில்லை. ஏரிமேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் ஒரு கோடாவது காட்டும். போன மழையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலித்தபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிட மேட்டுக்கு ஓடியவன் வழுக்கி விழுந்து, போன் தண்ணீரில் போய்விட்டது. பெரியவரும் போய்விட்டார். மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்த நேரத்தில், காலையில் ஆட்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சார் மைக்கு புடிச்சுக் கேட்டுத்தான் தாசில்தார் குடுத்தாராமே," என்றார் ஒருவர்.

இன்னொருவர் தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து உதறித் தியாகேசனுக்குப் போர்த்தினார். அண்டாவைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தன. நல்ல சேதியோடு லட்டும் கொண்டுவந்த மனுஷன் என்று ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சுண்ணாம்புக் கோடு பஞ்சவர்ணத்தின் வீட்டுச் சுவரை ஒட்டிப் போனது.

"பக்கத்துலயே இருந்தா இன்னும் நல்லாக் கேக்கும்ல சார்?"

தியாகேசன் தலையாட்டினார்.

"உங்க தெருவுல ஏன் சார் வேணாம்னாங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ நாளாக ஒலிபெருக்கியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட மறக்கவில்லை. எல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது.

"அங்க எடம் பத்தலை," என்றார்.

பஞ்சவர்ணம் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். அதன் வாயெல்லாம் பூந்தி.

"கெடுதல் ஒண்ணும் கெடையாதுல்ல சார்? சில பேரு என்னென்னமோ சொல்றாங்க."

"ஒண்ணும் ஆகாதும்மா. நீங்கபாட்டுக்கு நல்லா இருங்க."

அவள் சிரித்தாள். சார் சொன்னால் சரி என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பி வரும்போது தியாகேசன் ஸ்கூட்டரை மெதுவாகத்தான் ஓட்டினார். காலி அண்டா வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

மண்டபத்தில் குரு மாலைத் தியானத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். தியாகேசன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டு இன்னும் தோளில்தான் இருந்தது.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"துண்டு போத்தினாங்க."

"எதாவது கேட்டாங்களா?"

"கெடுதலான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

குரு அடுத்த பாயை உதறி விரித்தார்.

தியாகேசனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மங்கை. எந்த வண்டிக்கு வரட்டும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள். காலையிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது.

"அம்மா, அது கெடுதலா இல்லையான்னு எனக்கும் தெரியல," என்றார். "ஆனா அந்தக் கொழந்தை மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப நான் என்ன செய்யணும்?"

குரு கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார்.

"உங்க மககிட்ட சொன்னதை அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அது முடியலைன்னா, அவங்ககிட்ட சொன்னதை உங்க மககிட்ட சொல்லுங்க."