கயிறு கட்டிய காடு

கடல் இன்றைக்கு எங்கே இருக்கிறதோ ஏறக்குறைய அங்கேதான் அன்றைக்கும் இருந்தது. அரசர்கள்தான் இன்றைக்கு இருப்பதைவிட அதிகமாக இருந்தார்கள். அந்தக் காலத்துக் கதை இது. பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம். சிறியவர்கள் முன்னால் வரலாம்.

சங்குநகர் என்ற துறைமுகத்தை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருக்குக் கடல் என்றால் பயம். பயம் என்று வெளியே சொல்லிக்கொள்வது அரசருக்கு அழகில்லை என்பதால், 'கடல்தடுத்தார்' என்று ஒரு பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். பட்டம் முதலில் வந்துவிட்டது. தடுக்கும் வேலை பிறகுதான் தொடங்கியது.

கடற்கரை நெடுகப் பெரிய மதில் எழுப்ப ஆணையிட்டார். மதிலுக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலைச் சுட வேண்டும். கிளிஞ்சலைச் சுட விறகு வேண்டும். விறகு பக்கத்திலேயே இருந்தது: ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், சேற்றில் வேர்களை முட்டுக்கால்போல ஊன்றி நின்ற அலையாத்திக் காடு.

அலையை ஆற்றுவதால் அந்த மரங்களுக்கு அந்தப் பெயர். பெயரைப் பார்த்தாலே வேலை தெரியும். ஆனால் நம் அரசருக்குப் பெயர் சூட்டிக்கொள்ளத்தான் தெரியுமே தவிர, படித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை.

ஆக, கடலைத் தடுக்க மதில். அந்த மதிலுக்காக, முன்பிருந்தே கடலைத் தடுத்துக்கொண்டிருந்த காடு சூளைக்குப் போயிற்று. காடு குறையக் குறைய அலை ஓங்கியது. அலை ஓங்க ஓங்க மதிலை உயர்த்தச் சொன்னார்கள். மதில் உயர உயரச் சூளை இன்னும் விறகு கேட்டது. இதை யாராவது சுட்டிக்காட்டினால், 'திட்டம் நடந்துகொண்டிருக்கிறது' என்று அரண்மனையில் பதில் சொன்னார்கள்.

காட்டின் ஓரத்தில் கழிக்குப்பம் என்று ஒரு மீனவர் குடியிருப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புயல் வந்தால் அவர்கள் ஊரை நோக்கி ஓட மாட்டார்கள். படகோடு காட்டுக்குள் போவார்கள். வாய்க்காலில் படகை விட்டு, மரத்தில் கட்டி, புயல் அடங்கும்வரை அதிலேயே படுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு மரம். பெண் கேட்டு வருகிறவர்களிடம் வீடு இருக்கிறதா, வலை இருக்கிறதா என்று பிறகுதான் கேட்பார்கள். மரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் குப்பத்தில் காளத்தி என்று ஒருத்தி இருந்தாள். ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். வாய் நீளம், பொறுமை குட்டை. நண்டைப் பங்கு பிரித்தால் பெரிய நண்டு எப்படியோ அவள் கூடையில்தான் வந்து சேரும். அவள் புருஷன் மாசிலான், சூளைக்கு விறகு வெட்டும் கூலிக்காரன். குப்பத்து ஆண்கள் பாதிப்பேருக்கு அப்போது அதுதான் பிழைப்பு. தூரத்து மரங்களை வெட்டிக்கொண்டிருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. காளத்தியும்தான்.

ஒருநாள் மாசிலான் வேலை முடிந்து வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நாளைக்கு நம்ம மரம்."

"புயல் வந்தா படகை எங்கய்யா கட்டுவ? உன் கழுத்துலயா?"

மதில் வந்துவிட்டால் புயல் வராது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள் என்றான் மாசிலான். அதிகாரிகளைப் பற்றியும், அவர்களை நம்புகிறவர்களைப் பற்றியும் காளத்தி சொன்னதைச் சிறியவர்கள் இருக்கும் இடத்தில் நான் சொல்வதற்கில்லை.

சங்குநகர்த் துறைமுகத்தில் ஒரு கல் நட்டிருந்தது. அரசருடைய பாட்டனார் வெட்டிவைத்த சட்டம் அதில் இருந்தது: கட்டிய படகின் கயிற்றை அறுப்பவன் கொலை செய்தவன். அந்தச் சட்டத்தை நம்பித்தான் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கடல் கடந்து கப்பல்கள் அங்கே வந்து நின்றன. துறைமுகத்தில் தவழும் குழந்தைக்கும் அது தெரியும். காளத்திக்குத் தெரியாமல் இருக்குமா?

மறுநாள் விடியற்காலையில் கோடாரிக்காரர்கள் காட்டுக்கு வந்தார்கள். மரத்துக்கு மரம் கயிறு. கயிற்றின் மறுமுனையில் படகு. படகுக்குள் குடும்பம். சில படகுகளில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கோடாரிக்காரர்கள் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு அமைச்சரைக் கூப்பிடப் போனார்கள்.

அமைச்சர் அறம்வல்லார் வந்தார். சட்டத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர். அதனால் அரசவையில் பலருக்கும் அவரைப் பிடிக்காது. கயிறுகளை அவிழ்க்கச் சொன்னார்.

"மரத்துல படகு கட்டுறது குத்தமா ஐயா?" என்று கேட்டாள் காளத்தி.

அமைச்சர் யோசித்தார். குற்றமில்லை. கயிற்றைத் தொடாமல் மரத்தை மட்டும் வெட்டினால் என்ன என்று அதிகாரி ஒருவர் காதில் ஓதினார். கயிற்றை அறுத்தாலும் மரத்தை அறுத்தாலும் படகு போகும் இடம் ஒன்றுதான், ஆகவே குற்றமும் ஒன்றுதான் என்று அமைச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அரசர் சட்டத்தையே மாற்றப் பார்த்தார். மாற்றலாம், ஆனால் குதிரைக் கப்பல்கள் அன்றைக்கே பாய் விரித்துப் போய்விடும் என்றார் அமைச்சர். ஆட்களை இழுத்துப் போடலாமா என்றார் அரசர். கப்பல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் அமைச்சர். கடைசியில் அரசர் வேறொரு ஆணை போட்டார்: கழிக்குப்பத்துக்கு இனிக் கூலி இல்லை, அரிசி இல்லை, உப்பு இல்லை. பசித்தால் தாங்களே அவிழ்ப்பார்கள்.

பசித்தது. அவிழ்க்கவில்லை. நண்டும் மட்டிச் சிப்பியும் தின்றார்கள்.

"அரிசிச் சோறு மறந்தே போச்சு. இனி நண்டைத்தான் கடிக்கணும்போல," என்று முனகினான் மாசிலான்.

"பல்லு இருக்கில்ல, கடி."

படகிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. மரங்களில் முருங்கைக்காய் போல விதைகள் நீண்டு தொங்கின. அவற்றைப் பறித்து, ஏற்கெனவே வெட்டி மொட்டையாக்கிய இடத்தில் ஊன்றத் தொடங்கினார்கள். மேட்டில் ஊன்றியது கருகிற்று. எப்போதும் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் ஊன்றியது அழுகிற்று. கடல்நீர் ஓதமாக ஏறி இறங்கும் சேற்றில் ஊன்றியது நிமிர்ந்து நின்றது. மேட்டுக்கு ஓதம் வரும்படி மாசிலான் வாய்க்கால் வெட்டினான். காட்டை வெட்டிய கைக்கு வேறு என்ன தெரியும்? வெட்டத்தான் தெரியும். இந்த முறை மண்ணை வெட்டினான்.

செய்தி அரண்மனைக்குப் போயிற்று. கன்றுகளைப் பிடுங்கி எறிய வீரர்கள் வந்தார்கள், கூடவே அமைச்சரும் இரண்டாம் முறையாக வந்தார். விரல் உயரக் கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வலைநூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை படகில் இருந்தது.

அமைச்சர் குனிந்து பார்த்தார். "இது மரமா?"

"நேத்துப் பொறந்த புள்ளைய மனுஷன் இல்லன்னு சொல்லுவீங்களா ஐயா?" என்றாள் காளத்தி.

மரம் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும் என்று கல்லில் இல்லை. கயிறு எவ்வளவு பருமன் என்றும் இல்லை. சட்டம் நூலுக்கும் பொருந்தும் என்றார் அமைச்சர். வீரர்கள் நூல் அறுந்துவிடாமல், கொக்குப்போல ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து வெளியேறினார்கள். குப்பத்துப் பெண்கள் இடம் சொல்லி, வலம் சொல்லி அவர்களுக்கு உதவினார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான்.

ஆனால் எத்தனை காலம் படகிலேயே இருப்பது? கடலுக்குப் போனால்தான் மீன். நல்ல படகுகளை அவிழ்த்துக்கொண்டு தொழிலுக்குப் போனார்கள். ஓட்டைப் படகு, பலகை போன படகு, பாதிப் படகு எல்லாவற்றையும் இழுத்துவந்து அந்தக் கயிறுகளில் கட்டினார்கள். மூன்றாம் முறையாக அமைச்சர் வந்தார்.

"இது மிதக்குமா?"

"மெதக்கணும்னு கல்லுல இருக்குதா ஐயா?"

இல்லைதான். அமைச்சர் அப்படியே தீர்ப்புச் சொன்னார். வீரர்கள் முன்னால் போன பிறகு, போகிறபோக்கில் காளத்தியிடம் மெதுவாகச் சொன்னார்: "தெற்குக் கோடியில் ஒரு மரத்துக்குக் கயிறு இல்லை. பார்த்தாயா?"

விறகில்லாமல் சூளை அணைந்தது. கழிக்குப்பத்துக்கு முன்னால் மட்டும் மதில் எழும்பவில்லை. கடல் அவர்களைத்தான் முதலில் விழுங்கும் என்று அரசர் ஆறுதல் அடைந்தார். ஆண்டுகள் போயின. கன்றுகள் ஆள் உயரம் தாண்டி, முட்டுக்கால் விட்டு, ஒன்றின் காலில் ஒன்று பின்னிக்கொண்டன.

ஓர் ஐப்பசியில் புயல் வந்தது. மதிலின்மேல் மோதிய அலை பின்வாங்கவில்லை. மதிலின் அடிமண்ணைத் தோண்டியது. உச்சிப்பொழுதுக்குள் மதில் சாய்ந்தது. சாய்ந்த மதில் மீது ஏறிக் கடல் ஊருக்குள் நடந்தது. அரண்மனை முற்றத்தில் மீன் துள்ளியது. அரசரும் அமைச்சரும் அரசப் படகில் ஏறித் தப்பினார்கள். எங்கே போவது என்று அரசர் கேட்க, அமைச்சர் சுக்கானைக் கழிமுகத்தின் பக்கம் திருப்பினார்.

காட்டுக்கு வெளியே அலை பனை உயரம். காட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது, ஆனால் வெறிபிடித்திருக்கவில்லை. குப்பத்தின் படகுகள் எல்லாம் கட்டிய இடத்தில் ஆடிக்கொண்டு நின்றன. அரசப் படகு சுழன்று சுழன்று வந்தது. முகப்பில் அரசர் கயிறும் கையுமாக நின்றார்.

"மரம் இல்லைன்னு சொல்லிடு. நம்மளைப் பட்டினி போட்டவரு," என்றான் மாசிலான்.

பக்கத்துப் படகுகளிலும் தலையாட்டினார்கள். காளத்திக்கும் அந்த ஆசை இருந்தது. சின்ன ஆசை இல்லை. அரசப் படகு ஒருமுறை முழுதாகச் சுற்றி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "மரம் ஆளைப் பாத்தா நிக்குது? கட்டட்டும். ஆனா அவரே கட்டணும்."

அரசருக்கு முடிச்சுப் போடத் தெரியாது. ஒருமுறை கட்டினார், நழுவியது. மறுமுறை கட்டினார், நழுவியது. மூன்றாம் முறை மாசிலான் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுக்க, முடிச்சு நின்றது. பொழுது சாயும்வரை கடல்தடுத்தார், கடலைத் தடுத்துக்கொண்டிருந்த காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வானம் வெளுத்ததும் அரசர் எழுந்து நின்று, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "பெண்ணே, இந்தக் காட்டை உனக்குக் கொடுத்தேன்."

"குடுக்க வேணாம் மகாராஜா. நீங்க குடுத்தா நாளைக்கு உங்க புள்ள திருப்பிக் கேப்பாரு. எடுக்காம இருங்க, போதும்."

"அரசன் கொடுப்பதை மறுக்கிறாயா?"

"ஆமா."

அமைச்சர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டார். காளத்தி நிறுத்தவில்லை. வடக்கே மதிலுக்காக வெட்டிய கரை முழுவதும் மொட்டையாகக் கிடக்கிறது, விதை வேண்டுமானால் நாங்கள் தருகிறோம், நடுவதற்கு ஆள் அரண்மனையிலிருந்துதான் வர வேண்டும் என்றாள். எத்தனை ஆள் வேண்டும் என்று அரசர் கேட்டார்.

"மொதல்ல ஒரு ஆளு எறங்குனா போதும். மத்தவங்க தானா வருவாங்க."

அரசர் இடிந்த மதிலைப் பார்த்தார். தண்ணீரில் நிற்கும் தம் ஊரைப் பார்த்தார். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மூன்றாவது அடியிலேயே ஒரு செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. தேடிக் கொடுக்க யாரும் குனியவில்லை; எல்லார் கையிலும் விதை இருந்தது.

இதனால் அறியும் நீதி: நம்மைக் காத்து நிற்பதை வெட்டச் சொல்பவர் அரசரே ஆனாலும், முடியாது என்று சொல்லி நிற்க வேண்டும், வெட்டிய இடத்தில் மறுபடியும் நடவும் வேண்டும்.