நகராத ஆசனம்

செங்கோடை ராஜ்யத்தை ஆண்டவர் அரிகண்ட ராயர். வாரி வழங்கும் வள்ளல் என்று பெயர். வழங்கும்போது மட்டும் கை கொஞ்சம் நடுங்கும்.

அவருடைய பிரதானி சாத்தையப்பர், வேலையில் சேரும்போதே உஷாராக இருந்த மனிதர். "என்னை நீக்கினாலோ, வேலையைக் குறைத்தாலோ, சபையில் என் ஆசனத்தை நகர்த்தினாலோ நான் விலகிக்கொள்வேன். ஆற்றங்கரை நஞ்சை எனக்குச் சேர வேண்டும். காரணமில்லாமல் நானாகப் போனால் வெறுங்கையோடு போகிறேன்" என்று சபையறிய ராஜாவிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

ராணியின் தம்பி கரிவரதனுக்கு அந்தப் பதவியின்மேல் ஒரு கண்.

"அத்தான், நீக்கினால்தானே நஞ்சை? அவமானப்படுத்துவோம். ரோஷக்காரர், தானே போய்விடுவார். நாளை முதல் சபையைப் புது மண்டபத்தில் கூட்டுங்கள். அவர் ஆசனம் மட்டும் பழைய மண்டபத்திலேயே கிடக்கட்டும்."

"அட, ஆசனத்தை நகர்த்தினதாகவும் ஆகாதே!" ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் சாத்தையப்பர் வந்து பார்த்தால், அவ்வளவு பெரிய மண்டபத்தில் அவர் ஆசனமும் இரண்டு புறாக்களும்தான் இருந்தன. இத்தனை வருஷ உழைப்புக்கு இதுவா மரியாதை? தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. போனால் பிள்ளைகுட்டிகளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புது மண்டபத்தில் சபை அமர்க்களப்பட்டது. உச்சிவேளை ஆயிற்று. சமையற்கட்டிலிருந்து நெய் மணம் வந்தது. ராஜா எழப் போனார். புரோகிதர் பதறிவிட்டார்.

"பிரபு, எழாதீர்கள்! பிரதானி தம் ஆசனத்தருகே நின்று 'சபை கலைந்தது' என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் எழுந்தால் அரியணையைத் துறந்ததாக அர்த்தம். உங்கள் பாட்டனார் வைத்த வழக்கம்."

தினமும் காதில் விழுகிற குரல்தான். அது யாருடையது என்று ராஜா யோசித்ததே இல்லை. தொப்பென்று உட்கார்ந்தார்.

பிரதானியிடம் ஒரு சேவகன் ஓடினான். போன வேகத்தில் திரும்பினான்.

"'இங்கே சபையையே காணோமே, எதைக் கலைக்கச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கிறார், பிரபு."

"அந்த ஆசனத்தை இங்கே தூக்கி வாருங்கள்!" என்றான் கரிவரதன்.

"நகர்த்தினால் நஞ்சை போச்சு!" என்று அலறினார் ராஜா.

"அப்படியானால் அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிடுகிறேன், அத்தான்."

"அவர் வேலையைக் குறைத்ததாகிவிடும். அப்போதும் நஞ்சை போச்சு! வாயை மூடு மச்சான்!"

ராஜாவுக்குப் பசி காதை அடைத்தது. எழுந்து நடக்கவும் முடியாது. கடைசியில், அவரை அரியணையோடு அலாக்காகத் தூக்கிக்கொண்டு பழைய மண்டபத்துக்கு நடந்தார்கள். அரியணையின் ஒரு காலைக் கரிவரதன் பிடித்திருந்தான். சபை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தது.

சாத்தையப்பர் எழுந்து வணங்கினார்.

"சீக்கிரம் சொல்லுமய்யா!" என்றார் ராஜா.

"சொல்லாமல் என்ன, பிரபு? அதற்கு முன் சபைக்கு ஒரு சின்ன விண்ணப்பம். காலையில் எனக்கு நேர்ந்ததைப் பற்றி, என் முப்பாட்டனார் இந்த அரண்மனையில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் விரிவாக..."

"ஐயா, நஞ்சையும் உமக்கே! பிரதானி வேலையும் உமக்கே! முதலில் சபையைக் கலைத்துத் தொலையும்!"