ஒரு நெல்மணி இடைவெளி

சேந்தருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு சுமண தேரருக்கு முப்பத்துநான்கு. தலை நரைத்த பிறகு துறவுக்கு வந்தால் மகன் வயதுக்காரரைத்தான் வணங்க வேண்டியிருக்கும். சேந்தர் அதற்காக வருந்தியதில்லை. அவர் வருந்துவதற்கு வேறு காரியம் இருந்தது.

நாகப்பட்டினத்து விகாரையில் அந்த ஆண்டு மண்ணால் ஒரு புத்தர் செய்தார்கள். ஊரில் உழவு இல்லாத மாதங்களில் மண்பொம்மை செய்து பழகிய கை என்பதால் வேலை சேந்தரிடம் வந்தது. காதுகள் நீண்டு தொங்கின. உச்சியில் சுடர் எழுந்தது. இடக்கை மடியில் அமைதியாகக் கிடந்தது. வலக்கையில்தான் குறை. முழங்காலைத் தாண்டி இறங்கிய அதன் விரல்கள் நிலத்தைத் தொடவேண்டும். தொடவில்லை. நடுவே ஒரு நெல்மணி நுழையும் இடம் இருந்தது.

மூன்று முறை கலைத்துச் செய்தார். மூன்று முறையும் அதே இடைவெளிதான்.

தேரர் வந்து குனிந்து பார்த்தார்.

"மண் காய்ந்தால் சுருங்கும் அடிகளே," என்று முந்திக்கொண்டார் சேந்தர்.

"இடக்கையும் மண்தானே?"

சேந்தர் கையிலிருந்த ஈரத்துணியை மடித்தார், பிரித்தார். பிறகு, புத்தர் எதற்காக நிலத்தைத் தொடுகிறார் என்று கேட்டார். தெரியாமல் கேட்டதல்ல.

"இங்கே அமர உனக்கு என்ன தகுதி, யார் சாட்சி என்று தவத்தைக் கலைக்க வந்த மாரன் கேட்டான். பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. அவர் நிலத்தைத் தொட்டார். நிலம் சாட்சி சொன்னது."

"தொட்டவர் எல்லாருக்கும் சொல்லுமா?"

சேந்தரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஊர்ச்சபையில் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து, பூதனுடைய வயல் தன் மைத்துனனுடையது என்று சத்தியம் செய்ததைச் சொன்னார். மைத்துனன் முகத்துக்காகச் சொன்ன பொய். பூதன் அவருடன் ஒன்றாக வளர்ந்தவன். சேந்தனே சொன்ன பிறகு நான் யாரிடம் போய் வாதாட என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

"அன்று நிலம் வாய் திறக்கவில்லை அடிகளே. திறந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்."

"பூதன் இப்போது?"

"போன மாசியில் இறந்துவிட்டான். இனி யார் காலில் விழுவேன்? அவன் மகன் அதே வயலில் கூலிக்கு ஏர் ஓட்டுகிறான்."

வைகாசிப் பௌர்ணமிக்குச் சிலையின் கண்ணைத் திறக்கவேண்டும். அந்த விரல்களை மட்டும் வேறு யாரையாவது முடிக்கச் சொல்லுங்கள் என்று சேந்தர் கெஞ்சினார்.

தேரர் இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தார்.

"இதற்கு அதிக மண் வேண்டாம். அந்த வயலிலிருந்து ஒரு பிடி கொண்டு வாருங்கள்."

சேந்தர் ஊருக்குப் போகும் வழியை எண்ணிப் பார்த்தார். இரண்டு நாள் நடை. வீட்டு வாசலில் மைத்துனன் இருப்பான். ஏரின் பின்னால் பூதன் மகன் இருப்பான்.

"யாரைக் கேட்டு எடுப்பது அடிகளே?"

"யாருடைய மண்ணோ, அவரைக் கேட்டு."