துப்பாக்கி சுடுது!

முள்ளிக்குறிச்சி ஜமீனில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள மூன்று ஆட்களும் இருந்தார்கள். மூத்தவர் சடையப்பன். அடுத்தவன் உலகநாதன், ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. கடைக்குட்டி புத்திசிகாமணி. பெயர் வைக்கும்போது குழந்தை பேச ஆரம்பித்திருக்கவில்லை, அதனால் பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அரண்மனையில் தீப்பிடித்தது. ஊரே திரண்டு வந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. தீயும் அடங்குகிற மாதிரிதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, துப்பாக்கிகளைத் தூக்கி வர உள்ளே போன புத்திசிகாமணி கையை உதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

"துப்பாக்கி சுடுது! ஐயோ, துப்பாக்கி சுடுது!"

ஊர் மொத்தமும் குடங்களைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தது. இரும்பு கொதிக்கிறது என்றுதான் அவன் சொல்கிறான் என்று புரிந்து எழுந்திருப்பதற்குள் மேல்மாடியும் அடுப்பங்கரைக் கூரையும் போய்விட்டன.

ஜமீன்தாருக்கு மாடி போனதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. புகையேறிக் கிடந்த துப்பாக்கிகளைப் பற்றித்தான் கவலை. வெள்ளிக்கிழமை தேர். அரண்மனையிலிருந்து வெடிச்சத்தம் கேட்டால்தான் ஜனங்கள் வடத்தைத் தொடுவார்கள். கேட்காவிட்டால் கோயில் முதல் மரியாதை பக்கத்துக் கீழப்பட்டி ஜமீன்தாருக்குப் போய்விடும். அந்த மனுஷர் வருஷா வருஷம் அதற்கென்றே புதுப்பட்டு உடுத்தி வந்து நிற்கிறவர்.

காவலர் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏலே, காதைக் குடுத்துக் கேளுங்க. புகைக்கரி இரும்பைத் தின்னுரும், அதுக்கு இடம் குடுக்காதீங்க. குதிரைக்கு நல்லா எண்ணெய் விடுங்க. தூசி போகாம வாயைக் கட்டி வையுங்க. வண்டிக் கொட்டகையில இருக்க வெடிமருந்துக் குடத்தை, இனிமே தீ அண்டாத இடமாப் பார்த்து வையுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வெடிக்கல, உங்க மூணு பேரையும் இந்த ஊர்லயே வச்சிருக்க மாட்டேன்!"

உலகநாதனுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஊருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கரி இரும்பைத் தின்னுரும்னாரே எசமான்," என்றார் சடையப்பன்.

"பசிச்சாத்தான அண்ணாச்சி திங்கும்?" என்றான் புத்திசிகாமணி.

நியாயமான பேச்சு. ஒவ்வொரு குழாயிலும் ஒரு பிடி பழைய சோற்றைத் திணித்தார்கள். உலகநாதன் இரக்கப்பட்டு ஊறுகாயும் வைத்தான்.

அடுத்தது குதிரை. துப்பாக்கியில் மருந்தைத் தட்டிப் பற்றவைக்கிற பாகத்துக்குத்தான் குதிரை என்று பெயர். இவர்களோ நேரே லாயத்துக்குப் போய், ஜமீன்தாரின் வெள்ளைக் குதிரைக்கு உச்சி முதல் குளம்பு வரை நல்லெண்ணெய் தேய்த்தார்கள். அதற்கும் கண்கள் சொருகி நல்ல தூக்கம் வந்தது.

"தீ அண்டாத இடம் எது?" என்று கேட்டார் சடையப்பன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அடுப்பங்கரைக் கூரை முச்சூடும் எரிஞ்சுதுல்லா? எரியாம நின்னது எது?" என்றான் புத்திசிகாமணி.

"பெரிய அடுப்புதாம்லே."

"எத்தனை கொடைக்கு அதுல தீ மூட்டியிருக்கோம்! ஒரு தடவையாவது அடுப்பு எரிஞ்சு போயிருக்கா?"

"ஏலே, இத்தனை அறிவை எங்கலே வச்சிருந்த!"

மருந்துக் குடத்தைப் பெரிய அடுப்பின் சாம்பலுக்குள் பத்திரமாகப் புதைத்தார்கள்.

மிச்சம் ஒரே வேலை.

"வாயைக் கட்டணுமே. யாரு வாயை?" என்று கேட்டான் உலகநாதன்.

"துப்பாக்கிக்கு ஏது வாய்? அது பேசுமா?"

"பேசுதது நாமதான்."

ஆளுக்கொரு துண்டை எடுத்து வாயை இறுகக் கட்டிக்கொண்டார்கள். துப்பாக்கிகளை அடுப்பங்கரையின் வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கஞ்சி தண்ணீர்கூட இல்லாமல் காவல் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அரண்மனை வாசலில் தேர் நின்றது. வடத்தின் அருகே ஜனங்கள் காத்து நின்றார்கள். கீழப்பட்டி ஜமீன்தார் பட்டு வேட்டியை நீவிவிட்டுக்கொண்டார்.

நம் ஜமீன்தார் கம்பீரமாகக் குதிரையில் ஏறினார். ஏறிய வேகத்தில் மறுபக்கம் இறங்கியும் விட்டார். எண்ணெய் வழிய எழுந்து துப்பாக்கிகளைத் தேடிப் போனார். குழாயை எட்டிப் பார்த்தார். சோறு, ஊறுகாய், எறும்பு.

"அடப் பாவிகளா! மருந்து எங்கலே?"

"ம்ம்ம்!" என்று மூவரும் அடுப்பங்கரையைக் காட்டினார்கள்.

"மானம் போகுது, இப்பவும் உங்களுக்குச் சாப்பாடா கேக்குது?"

"ம்ம்ம்! ம்ம்ம்!"

உள்ளே சமையல்காரர் கொடைப் பொங்கலுக்காகப் பெரிய அடுப்பை மூட்டிவிட்டு, வெல்லம் எடுக்கப் பின்பக்கம் போயிருந்தார்.

அப்படி ஒரு வெடியை அந்த ஜில்லாவே கேட்டதில்லை. புதிதாக வேய்ந்திருந்த அடுப்பங்கரைக் கூரை எழும்பிப் போய்த் தென்னை மரத்தில் உட்கார்ந்தது. ஜனங்கள் குலவையிட்டு வடத்தைப் பிடித்தார்கள். தேர் அசைந்தது. கீழப்பட்டி ஜமீன்தாரின் முகம் தொங்கிப்போயிற்று. வாசலுக்கு ஓடி வந்த நம்மவருக்கோ சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. மானம் பிழைத்தது, மூவரும் ஊரிலேயே இருக்கலாம்.

ஆனால் அடுப்பங்கரை எரிந்துகொண்டிருந்ததே. காவலர்கள் கடமையை மறப்பார்களா? நெருப்போரம் கிடந்த துப்பாக்கிகளை ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டு தேர் முன்னால் ஓடி வந்தார்கள். புத்திசிகாமணி வாய்க்கட்டை அவிழ்த்தான்.

"துப்பாக்கி சுடுது! துப்பாக்கி சுடுது!"

வடத்தை விட்டுவிட்டு ஊர் மொத்தமும் குப்புற விழுந்தது. விஷயம் தெரிந்த ஜமீன்தார் மட்டும் எண்ணெய் மினுங்க நடுவில் நின்றார். கீழப்பட்டி ஜமீன்தார் சுற்றும் முற்றும் பார்த்தார். இந்த ஊரில் இப்படியும் ஒரு மரியாதை உண்டு போலிருக்கிறது என்று நினைத்து, புதுப்பட்டோடு அவரும் நம்மவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

சடையப்பனும் துண்டை அவிழ்த்தார்.

"ஏலே, அவ்வளவு பெரிய மனுஷரே விழுந்து கும்பிடுதாரு. நாம மட்டும் நிக்கலாமா?"

மூவரும் துப்பாக்கிகளைக் கீழே போட்டு, அவற்றின் மேலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

"ஐயோ! சுடுது!"

எழுந்திருக்கப் பார்த்த கீழப்பட்டி ஜமீன்தார் மறுபடியும் விழுந்தார்.