சீல் உடையாத தந்தி

தணிகாசலம் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் சோதித்தவர். எந்த வீட்டில் கொக்கி போட்டு மின்சாரம் திருடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறு மாதம் டபுள் பேஸ் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். நான்கு தந்தி, ஆளைவிட உயரம், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம். அதை அணைத்துக்கொண்டு நின்றால் தன் ரத்தக் கொதிப்பு இறங்குகிறது என்பார். அவர் மனைவியும் அதை ஒப்புக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தவர் பெனடிக்டா. வயது முப்பத்து நான்கு. கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் சின்னக் குழு ஒன்றை நடத்துகிறார். சீடர் ஓரளவு தேறியதும் பேஸை அவரிடம் கொடுத்துவிட்டு, தான் கிட்டாருக்கு மாறிக்கொண்டார்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு கச்சேரிகளில் பேஸின் ஜி தந்தி சுருதி இறங்கி ஒலித்தது. இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே வந்து, "அந்தப் பெரிய பெட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவையும் இறங்கினால் பேஸ் மேடை ஏறாது, கீபோர்டு வாசிக்கும் க்ளமென்ட் தன் இடது கையாலேயே அதைச் சமாளித்துக்கொள்வார் என்று பெனடிக்டா சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. வயதான காலத்தில் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. திருட்டில் யாருக்கு லாபமோ அவனை முதலில் பார் என்பது அவர் துறையில் பால பாடம்.

மூன்றாவது கச்சேரி அம்பத்தூரில். மாலை ஆறேகால் மணி. வாசலில் தவில், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் மேலே மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று ஒருவர். தணிகாசலம் பெனடிக்டாவை மேடை ஓரத்துக்கு அழைத்தார்.

"டீச்சர், ஆளைப் பிடிச்சுட்டேன்."

"யாரை சார்?"

"க்ளமென்ட்டை. அஞ்சு மணிக்கு ஜி தந்தியைச் சரியா வச்சேன். சுருதி காட்டுற ட்யூனர்ல பச்சை விளக்கு. ஆறு மணிக்கு டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா முள் மேலே ஏறி நிக்குது. மூணு கச்சேரியா இதே கதை. நான் டீக்குப் போற நேரம் பார்த்து முறுக்கி விடுறான்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தளர்த்துவேன். முள் லேசுல இறங்காது. இறங்குற வரைக்கும் தளர்த்துவேன்."

"அவர் கை வச்சதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை. அதனாலதான் இன்னிக்கு ஒரு வேலை பண்ணியிருக்கேன்."

தணிகாசலம் வாத்தியத்தின் உச்சியைக் காட்டினார். ஜி தந்தியின் திருகைச் சுற்றி நூல் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி, அரக்கின் மேல் தன் மோதிரத்தைப் பதித்திருந்தார். மீட்டர் பெட்டிக்கு வைக்கிற சீலைப் போலவே கச்சிதமாக இருந்தது.

பெனடிக்டா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"சீல் உடையலையே சார்."

"அதைத்தான் சொல்றேன்!" தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "உடைக்காமலே முறுக்கியிருக்கான். எவ்வளவு தேர்ந்த கை பாருங்க. காப்பானைவிடக் கள்ளன் பெரியவன்னு சும்மாவா சொன்னாங்க?"

பெனடிக்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"போதாததுக்கு அவனே வந்து, 'உங்க வாத்தியத்தை நான் பார்த்துக்கிட்டேன் சார், யாரும் தொடலை'ங்கிறான். நான் கேட்டேனா? எங்கப்பன் குதிருக்குள் இல்லைங்கிற கதையால்ல இருக்கு? இன்னிக்கு மேடையில ஒண்ணு அவன், இல்லை நான். எல்லார் முன்னாடியும் கேட்டுடப் போறேன்."

பத்தடி தள்ளி, கீபோர்டுக்கு ஒயர் சொருகிக்கொண்டிருந்தார் க்ளமென்ட். குழுவில் ஏழு வருடமாக ஒரு கெட்ட பேரும் வாங்காத மனிதர். தவில் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நல்லவேளை.

"கேக்கலாம். முதல்ல ட்யூனரை மாட்டுங்க சார்."

தந்திகளைத் தாங்கி நிற்கும் மரக் குதிரையில் தணிகாசலம் ட்யூனரைக் கவ்வ வைத்தார்.

"அங்க எதுக்கு மாட்டுறோம்?"

"காத்துல வர்ற சத்தத்தை இது எடுக்காது. மரத்தோட அதிர்வைத்தான் எடுக்கும். அதனால எந்த இரைச்சல்லேயும் நம்பலாம். மீட்டர் பொய் சொல்லாது டீச்சர்."

"சரி. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கங்க."

கட்டிக்கொண்டார். பெனடிக்டா வாத்தியம் சாயாமல் தோளால் மட்டும் தாங்கிக்கொண்டார். தந்திகளின் பக்கம் ஒரு கையும் இல்லை.

ட்யூனரில் 'ஜி' என்ற எழுத்து எரிந்தது. முள் நடுவைத் தாண்டி மேலே போய் நின்றது.

"யார் சார் வாசிக்கிறது?"

தணிகாசலம் வாத்தியத்தின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

பெனடிக்டா பேஸை ஒரு சாண் உயரம் தூக்கினார். அதன் இரும்புக் கால் மேடைப் பலகையை விட்டதும் எழுத்து அணைந்தது. மறுபடி இறக்கினார். எரிந்தது.

தணிகாசலம் குந்தி உட்கார்ந்து பலகையில் உள்ளங்கையை வைத்தார். ஜெனரேட்டரின் நடுக்கம் முழங்கை வரை ஏறியது. முப்பத்திரண்டு வருடம் காதோடு குடியிருந்த உறுமல்தான் அது. எந்த மண்டபத்திலும் ஆறு மணிக்கு விளக்குப் போடும்போது ஓட விடுவார்கள்.

"நொடிக்கு அம்பது சைக்கிள்" என்றார். "அதோட இரட்டிப்பு, ஜிக்குக் கொஞ்சம் மேல நிக்கும். ட்யூனர் தந்தியை விட்டுட்டு இதைத்தான் காட்டியிருக்கு. சரியா இருந்த தந்தியை நானேதான் ஒவ்வொரு தடவையும் இறக்கியிருக்கேன்."

பெனடிக்டா ட்யூனரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"விளக்குச் சூட்டுல சுருதி அசைஞ்சிருக்கும். சீலைப் பிரிச்சிடுங்க. க்ளமென்ட்கிட்ட ஒரு ஜி கேளுங்க. அவர் கட்டையை அழுத்திப் பிடிச்சிருப்பார். நீங்க வாத்தியத்தோட கழுத்துல காதை வச்சுக் கேட்டுச் சேர்த்துக்கங்க."

தணிகாசலம் அரக்கை நகத்தால் பெயர்த்தார். நூலை அவிழ்த்தார். இரண்டடி நடந்தார். நின்றார். ஊறிப்போன புத்தி அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுமா?

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"அவன் தப்பான சுருதியைக் குடுத்தா?"

பெனடிக்டா கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"குடுத்தா அதுதான் சார் இன்னிக்குச் சுருதி. நீங்க வாசிக்கப்போறது அவர்கூடத்தானே?"