நாற்பது கிலோவும் ஐந்து மணியும்

விதி எளிமையானது. பேட்டரி விற்கும் நிறுவனம், தீர்ந்துபோன பேட்டரிகளை வீடுகளிலிருந்து குறிப்பிட்ட எடைக்குத் திரட்டி மறுசுழற்சிக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். யார் பெயர் அச்சிட்ட பேட்டரி என்று விதி கேட்காது. எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கும். ஆண்டின் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் எடை நிறையாவிட்டால், மறுநாள் முதல் அந்த நிறுவனம் ஒரு பேட்டரிகூட விற்க முடியாது. (இந்தக் கதையின் விதி இப்படி. அரசிதழைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.)

இசக்கியப்பன் டார்ச் விளக்குப் பேட்டரி செய்பவர். முப்பத்திரண்டு பெண்கள் வேலை செய்யும் சின்னத் தொழிற்கூடம். அவர் திரட்ட வேண்டிய எடையில் கடைசி நாளில் நாற்பது கிலோ குறைந்தது. பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்புகளிலும் வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் ஒரே பீப்பாயில் கவிழ்த்து, மின்சார லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விரைந்தார். கவிழ்க்கும் முன் பேட்டரி முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும்; உப்பிய செல்போன் பேட்டரிகளைப் பிரித்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை.

நாலு முப்பத்தைந்துக்கு வண்டி கூடத்தின் வாசலைத் தொட்டது. உள்ளே வரும் எல்லா வண்டியையும் வாசல் மேடையில் நிறுத்தி எடை பார்ப்பது அங்கே வழக்கம். லாரிகளுக்கான மேடை அது. எடையை அருகிலுள்ள பத்துக் கிலோவுக்கு முழுமையாக்கித்தான் காட்டும். ஓட்டுநர் சுடலைமணி, பக்கத்தில் இசக்கியப்பன், பின்னால் பீப்பாய்: எல்லாம் சேர்த்து 640 கிலோ. பேட்டரியைத் தனியாக நிறுக்கும் தராசு கொட்டகைக்குள் இருந்தது. அதன் பொறுப்பு உலகம்மாளுக்கு.

கொட்டகைக்குப் பத்தடி இருக்கும்போது பீப்பாய் சீறத் தொடங்கியது. மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை.

“யக்கா, ரெண்டே நிமிசம்! எடையப் போட்டுட்டு எங்க வேணா கொட்டுங்க!” என்றார் இசக்கியப்பன்.

“உள்ள எட்டுப் பொம்பளைக ஒக்காந்து பேட்டரி பிரிக்காங்க அண்ணாச்சி. அந்த ரெண்டு நிமிசத்த அவங்ககிட்டப் போய்க் கேளுங்க.”

சொல்லிக்கொண்டே உலகம்மாள் வண்டியை, தீப்பிடித்ததைக் கொட்டும் மணல் குழிப் பக்கம் திருப்பச் சொன்னாள். நீண்ட கொக்கியால் பீப்பாயை இழுத்துச் சாய்த்தாள். பேட்டரிகள் மணலில் கொட்டின; ஒரு நெருப்பு நாக்கு ஆள் உயரத்துக்கு எழுந்தது. சுடலைமணியும் அவளும் மண்வெட்டியால் மணலை அள்ளி அள்ளிப் போட்டு அதை மூடினார்கள். குழிக்குள் போனதை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. காலிப் பீப்பாயும் மூடியும் ஆட்டோவுக்குத் திரும்பின. மணி நாலு நாற்பத்தெட்டு.

இசக்கியப்பன் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். “முப்பத்திரண்டு பேருக்கு நாளைக்கு நான் என்னத்தச் சொல்ல?”

சுடலைமணி தலையைச் சொறிந்தான். “மொதலாளி, வரும்போது வண்டிய எடை போட்டாங்கள்லா? இப்பக் காலி வண்டிய எடை போட்டா?”

பதிலுக்குக் காத்திராமல் வண்டியை மேடைக்கு ஓட்டினான். 520. வித்தியாசம் நூற்றிருபது! இசக்கியப்பன் துள்ளி எழுந்தார்.

அப்போது ஒருவர் சிரித்தார். பெரிய பேட்டரி நிறுவனம் ஒன்றின் வட்டார மேலாளர் ஜெபமணி. தன் சரக்கை மதியமே ஒப்படைத்துவிட்டவர், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. இசக்கியப்பனின் பேட்டரி நாளை கடைகளில் இல்லையென்றால் அந்த இடத்தில் எது இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

“அண்ணாச்சி, வரும்போது நீங்களும்லா வண்டியில இருந்தீங்க? ஒங்களையும் சேத்தா மறுசுழற்சிக்குக் குடுக்கீங்க?”

இசக்கியப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். 590. வித்தியாசம் ஐம்பது. மணி நாலு ஐம்பத்தாறு.

“அம்பது! எழுதுங்க யக்கா!”

“எழுதக் கூடாது” என்றார் ஜெபமணி. “இந்த மேடை பத்துப் பத்தாத்தான் காட்டும். உண்மையான எடை ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத எடையப் பதிவேட்டுல எழுதுனா அது பொய்க் கணக்கு.”

தனக்கு லாபம் இருக்கும் இடத்தில் மனிதன் எவ்வளவு துல்லியமாகச் சட்டம் பேசுகிறான்!

உலகம்மாள் பேனாவை எடுத்து, இரண்டு எடைகளையும் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து ‘குறைந்தது நாற்பது கிலோ’ என்று எழுதி முத்திரை குத்தினாள்.

“பத்துக் கிலோவ முழுங்கிட்டீங்களே!” என்றார் இசக்கியப்பன்.

“மேலிடத்துக்கு எழுதிப் போடுதேன்” என்றார் ஜெபமணி.

மணி நாலு ஐம்பத்தொன்பது.

ஐம்பது என்றவர், எதுவும் கூடாது என்றவர், நாற்பது என்று எழுதியவள். வாசகரே, இதில் யார் செய்தது சரி? கீழே பார்க்காமல் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

விடை: உலகம்மாள். ஜெபமணியின் சந்தேகம் சரி, முடிவு தவறு. மேடை ஒவ்வொரு முறையும் அதிகம் போனால் ஐந்து கிலோ பிசகும். இரண்டு பிசகும் ஒன்றாகச் சேர்ந்தாலும் பத்தைத் தாண்டாது. ஆகவே மணலுக்குள் போனது அறுபதாக இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். அதற்குக் கீழே இருக்க முடியாது. (வண்டியில் எரிந்துபோன டீசலைப் பற்றிக் கேட்க நினைத்தவர், கதையை இன்னொரு முறை மெதுவாகப் படிக்கவும்.) ஐம்பது என்பது ஊகம். எதுவும் தெரியாது என்பது தெரிந்ததை மறைப்பது. நாற்பது மட்டுமே அந்த நிமிடத்தில் யாராலும் மறுக்க முடியாத எண். மறுநாள் காலை மணலைச் சலித்து, எரிந்தது போக மிஞ்சியதை நிறுத்தார்கள்: நாற்பத்து மூன்று. அந்த நேரத்தில் முப்பத்திரண்டு பெண்களும் வேலைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.